பழைய வாசலை அடைக்குமுன்

ராஜபாளையத்து மொட்டை மாடிகள் சிலவற்றில் அந்த அலுமினியக் கம்பி இன்னும் நிற்கிறது. சாப்பிட்டுப் போட்ட மீனின் முள்ளைப் போல நடுவில் ஒரு தண்டு. குறுக்கே ஏழெட்டுக் குச்சிகள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் காட்டி இது என்ன என்று கேட்டால், துணி காயப் போடுவதற்கு என்பார்கள். காக்கைகளின் அபிப்பிராயம் வேறு. வாஸ்தவத்தில் அது டெலிவிஷன் ஆன்டெனா. 2021லும் 2022லுமாகத் தூர்தர்ஷன் தன்னுடைய பழைய தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, நிறுத்திவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கம்பியை மறந்திருந்தார்கள். ஆகவே யாரும் வருத்தப்படவில்லை. பலர் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு காலத்தில் அந்தக் கம்பிக்கு இருந்த மரியாதை கொஞ்சமல்ல. சென்னையில் 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி டெலிவிஷன் நிலையம் வந்துவிட்டது என்றாலும், அந்த ஒளி எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியது. தென் ஜில்லாக்களில் வசதியுள்ளவர்கள் நீண்ட குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். மாடியில் ஒருவர் குழாயைத் திருக, கீழே பெட்டிக்கு முன்னால் நிற்பவர், "இன்னும் கொஞ்சம்! ஐயையோ, போச்சு! அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அண்ணாச்சி!" என்று கூவுவார். அண்ணாச்சியும் வெயிலில் அப்படியே நிற்பார். சிங்களத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர்கள் சிங்களச் செய்தியை முழுவதும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். பிறகு கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. கம்பிகள் வடக்கே திரும்பின.

1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தி ராமாயணம் வந்தபோது, பெட்டி இருந்த வீட்டுக்காரர் பாடு பெரும்பாடு. கூடம் நிறைந்து, திண்ணை நிறைந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியேயும் முகங்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். யார் கூடத்தில் உட்காரலாம், யார் ஜன்னலோடு நிற்க வேண்டும் என்பதை ஊர் தீர்மானித்தே வைத்திருந்தது. 2006இல் தமிழ்நாட்டு அரசு 14 அங்குல வண்ணப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததைப் பலர் பரிகாசம் செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் பரிகாசம் செய்ததாக எனக்கு நினைவில்லை.

பெட்டி வந்த பிறகு கேபிள். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. அப்புறம், கம்பியில் வருவதெல்லாம் டிஜிட்டலாக வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் செய்து, பெருநகரங்களில் தொடங்கி, சிற்றூர்களுக்கு 2017 மார்ச் 31 கடைசிக் கெடு என்றது. அதனால் டெலிவிஷனுக்கு மேல் இன்னொரு சிறு பெட்டி வந்து உட்கார்ந்தது. படம் தெளிவாயிற்று, அதில் சந்தேகமே இல்லை. புள்ளி புள்ளியாக மழை பெய்த பழைய படத்துக்காக ஏங்குகிறவர்கள் இருந்தால் அவர்களோடு நான் சேர மாட்டேன்.

2019 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இன்னொரு புதுமை. வேண்டிய சானலை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. நூறு சானல்களுக்கு அப்போது 130 ரூபாய், வரி தனி. கட்டணச் சானல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விலை. காகிதத்தில் படித்தபோது நல்ல சட்டமாகத்தான் தோன்றியது. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். கேபிள்காரத் தம்பி ஒரு பட்டியலைக் கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தான். பொடி எழுத்து, பாதி ஆங்கிலம். இரண்டு நாள் கழித்து வாங்க வந்தபோது எந்த வீட்டிலும் யாரும் எதையும் குறித்திருக்கவில்லை. "எப்பவும் வர்றது வந்தாப் போதும், தம்பி. நீயே பாத்துப் போடு" என்றார்கள். அவனும் பார்த்துப் போட்டான். மக்களுக்குச் சட்டம் கொடுத்த சுதந்திரம் கேபிள்காரத் தம்பியின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவன் நல்ல பையன். எல்லாத் தெருவிலும் நல்ல பையனே கிடைப்பான் என்று எந்த ஆணையம் உத்தரவாதம் தரும்?

இதைப் படிக்கிறவர்கள், 'ஆள் புதுமைக்கு விரோதி போலிருக்கிறது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என்னோடு ஒரு முறை வாருங்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துபோகும் பிரயாணம். ஆண்டாள் கோவில் பக்கத்தில் பூ விற்கிற அம்மாள் ஒரு சிறு அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். போனைக் காட்டிப் பணம் அனுப்பினால், பக்கத்திலுள்ள குட்டி ஒலிப்பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. எழுத்துத் தெரியாதவரும் காதால் கேட்டுக் கணக்கை நம்பலாம். சில்லறைக்காக அடுத்த கடைக்கு ஓட வேண்டியதில்லை. பால்கோவாக் கடைக்காரர்கள் கதையும் இதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்களை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போனில் ஆர்டர் வருகிறது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நீதிமன்ற விஷயம். ஜில்லாவுக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு வரப்புத் தகராறுக்காகவோ, பாகப் பிரிவினைக்காகவோ கிராமத்து மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, விடியற்காலையில் பஸ் ஏறி வந்து வேப்பமரத்தடியில் காத்திருப்பார். மத்தியானம் வக்கீல் குமாஸ்தா வந்து, "வாய்தா ஆகியிருக்கு, போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்பார். இப்படியே பத்து வருஷம் வந்து போனவர்களை நான் அறிவேன். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இலக்கம் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அதைப் போனில் தட்டினால் அடுத்த தேதி எது, இன்று என்ன நடந்தது என்று தெரிகிறது. வழக்கு சீக்கிரம் முடிகிறதா என்று கேட்காதீர்கள். குமாஸ்தா சொன்னால்தான் தேதி என்ற நிலைமை போயிற்றே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

என்னுடைய சண்டை யந்திரத்தோடு அல்ல. புது வாசலைத் திறந்த அன்றைக்கே பழைய வாசலை அடைத்துவிடுகிறார்களே, அந்த அவசரத்தோடுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற கதிரில் அறுந்த இழையை விரல் நுனியால் ஒட்டிவிடுவதுதான் அவருடைய வேலை. ஒரு ஷிப்டில் எத்தனை நூறு தடவை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. குறைந்தது 1000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2014இல்தான் உத்தரவு போட்டார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அந்தப் பணம் தொடர்ந்து வரவேண்டுமானால், தாம் உயிரோடு இருப்பதாக அவர் வருஷத்துக்கு ஒரு முறை சான்று கொடுக்க வேண்டும்.

முன்னெல்லாம் பாங்கிக்குப் போய் நின்றால் மானேஜர் ஆளைப் பார்ப்பார், காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். சான்றைக் கைரேகை வைத்தே கொடுக்கும் முறை 2014 நவம்பரில் நாடு முழுவதற்கும் வந்தது. வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு சேவை மையத்தில் விரலை வைத்தால் போதும் என்றார்கள். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் பெரியவர் விரலை வைத்தார். யந்திரம் பேசாமல் இருந்தது. துடைத்துவிட்டு வைத்தார். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். வலது கை ஐந்தும் இடது கை ஐந்தும் வைத்துப் பார்த்தாயிற்று. விரல் நுனியில் உள்ள மேடு பள்ளங்களைத்தான் அந்தக் கருவி படிக்கிறது. நூல் ஓடி ஓடித் தேய்ந்து, வயதினால் தோலும் வறண்டு போன விரலில் படிப்பதற்கு என்ன இருக்கும்? கண்ணாடி போல் வழவழவென்றிருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்கிறவர்களிடமும், சுண்ணாம்பும் சிமெண்டும் கலக்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இதே கதையைச் சொல்வார்கள்.

"உயிரோடதான் இருக்கேன்னு வாயால சொல்றேன், கேக்க ஆளில்ல, தம்பி" என்றார் என்னிடம். பாங்கிக்கும் போயிருக்கிறார். அங்கே இருந்தவர், காகிதம் வாங்குவது நின்றுபோயிற்று, கம்ப்யூட்டரில் ஏறினால்தான் உண்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு இந்தப் பெரியவரை இருபது வருஷமாகத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாராம்.

இது ஏழை நாட்டுக்கு மட்டுமே உள்ள கஷ்டமா? பிரிட்டனில் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். டெலிவிஷன் விஷயத்தில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள், பி.பி.சி.யின் ஒழுங்கான ஒளிபரப்பு 1936இல் தொடங்கியது. பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறும்போது, 2007இல் ஓர் ஊரில் தொடங்கி, பிரதேசம் பிரதேசமாக நகர்ந்து, 2012 அக்டோபரில்தான் முடித்தார்கள். ஐந்து வருஷம்! அத்தோடு 75 வயது கடந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் தனியாக ஓர் உதவித் திட்டம். வீட்டுக்கே ஆள் வந்து, பெட்டியை மாட்டி, எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டிவிட்டுப் போனார்கள். வெறும் பொழுதுபோக்குப் பெட்டிக்கு இத்தனை பக்குவம்.

அதே தேசத்தில் பழைய செம்புக் கம்பி டெலிபோனை எடுத்துவிட முனைந்தபோது அந்தப் பக்குவம் கொஞ்சம் தவறியது. தனியாக வாழும் வயோதிகர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள், விழுந்துவிட்டால் அழுத்துவார்கள், டெலிபோன் வழியாக உதவி வரும். இணையவழி டெலிபோனுக்கு மாற்றியபோது சிலருடைய பொத்தான் வேலை செய்யாமற் போனது 2023இல் வெளியே வந்தது. அரசாங்கம் தலையிட்டு, கேளாமல் மாற்றுவதை நிறுத்தச் சொன்னது. 2025 டிசம்பர் என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. கெடுவைத் தள்ளி வைத்ததனால் அந்த நாட்டு மானம் போய்விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நம் நாட்டிலும் வழி செய்யாமல் இல்லை. 2021இல் முகத்தைப் பார்த்துச் சான்று கொடுக்கும் முறை வந்தது. தேய்ந்த விரல்காரர்களுக்கு அது பெரிய வரம்தான். ஆனால் அதற்கு நல்ல போன் வேண்டும். பெரியவரிடம் இருப்பது பொத்தான் போன். கடைசியில் மூன்றாவது வீட்டுக் கல்லூரிப் பெண், "வாங்க தாத்தா, வெளிச்சத்துல உக்காருங்க" என்று திண்ணையில் உட்காரவைத்து, தன் போனில் இரண்டு செயலிகளை இறக்கி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். முதலில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை சரியாக வந்துவிட்டது. எல்லாம் பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யலாம் என்று அந்தச் சேவை மையத்திலோ பாங்கியிலோ ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

நின்றிருந்த மூன்று மாதப் பணமும் ஒன்றாக வந்து சேர்ந்தது. அதற்குள் அவருடைய வீட்டு அம்மாளின் கம்மல் அடகுக்குப் போயிருந்தது. பாதிப் பணத்தைக் கொடுத்து அதை மீட்டார்கள். வட்டி 140 ரூபாய். அடுத்த வருஷம் எந்த மாதம் மறுபடியும் சான்று கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே காலண்டரில் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை திருப்பூர்.