ஆலு மக்கல்லா உண்டா?

யூதச் சமையல் நூலொன்றை வாங்கலாமா எனத் தயங்குவோர் முதலில் அதன் சொல்லடைவைப் புரட்டட்டும். கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்களுடைய ஆலு மக்கல்லா அங்கே உண்டா? முழு உருளைக்கிழங்கை எண்ணெயில் நெடுநேரம் பொரிக்கும் பண்டம் அது. 'ஆலு' இந்தியும் வங்காளமும் அறிந்த சொல். 'மக்கல்லா'வோ 'பொரித்தது' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஒரு புலம்பெயர்வே அப்பெயருக்குள் கிடக்கிறது. போலந்து, ருஷ்ய வீடுகளின் சமையலை மட்டும் தொகுத்துவிட்டு 'யூத உணவு' என்று தலைப்பிடும் நூல்கள் இதை அறியா. இறைச்சியோடு பால் சேரலாகாது என்ற விதிக்குக் கொச்சி யூதர் தேங்காய்ப்பாலில் வழிகண்டதையும் அவை சொல்வதில்லை.

கெய்ரோவில் பிறந்த கிளாடியா ரோடன் 1996இல் வெளியிட்ட யூத உணவு நூல் அஷ்கெனாசி, செஃபார்டி என இருபெரும் பகுதிகளாக விரிந்து, இந்திய யூதர்க்கும் இடமளிக்கிறது. கனத்த நூல்தான், வாங்கலாம். கொல்கத்தாவில் இன்று யூதர் மிகச் சிலரே. மக்கல்லா பொரியும் அடுப்புகளும் அவ்வளவே.