மூன்று பொன்னும் ஒரு வெள்ளியும்

பிழைப்பு நாடி வந்த ஊர் நம் ஊராவது எப்போது? அதன் தெருக்களை அறிந்தபோது அன்று. அவ்வூர் யாரை எண்ணிப் பெருமை கொள்கிறது என்பதை அறிந்தபோதே ஆகும். இவ்வுண்மையை நாம் காலங்கடந்தே உணர்ந்தோம். அந்தக் குறையை இம்மலர் வழியே ஒப்புக்கொள்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

2003-ஆம் ஆண்டில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியேற்கக் கொல்கத்தா வந்தோம். லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்ப் பேச்சும் இட்டலியும் கிடைத்தன. ஊர் பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். நண்பகல் உணவு வேளையில் ஸ்டிராண்டு சாலை வழியே ஹூக்ளிக் கரைவரை நடப்பது வழக்கம். வழியில் சுங்கத் துறையின் மாளிகை நிற்கும். அதனை அன்றாடம் கடந்து சென்றோம். அத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் உலகு போற்றிய ஹாக்கி வீரர் என்பதும், அவர் இதே நகரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியா.

2012 டிசம்பர் 20 அன்று லெஸ்லி கிளாடியஸ் தம் எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். மறுநாள் காலை நம் அலுவலகத்து வங்காளப் பெரியவர் ஒருவர் நாளிதழை மடித்து மேசைமீது வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அவ்வாரத்தில்தான் பதவி உயர்வுப் பட்டியலும் வெளியாகியிருந்தது. அதில் நம் பெயர் இல்லை. நம் துயரத்தில் ஆழ்ந்திருந்த நாம், அவர் துயரத்தின் காரணத்தை வினவினோம். அன்று அவர் சொல்லத் தொடங்கியதையும், பின்னர் நாமே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

கிளாடியஸ் 1927-இல் பிலாஸ்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அவர் நாட்டம் கால்பந்தில் இருந்தது. 1946-இல் கரக்பூரில், வங்காள நாகபுரி ரயில்வே அணியினர் ஹாக்கிப் பயிற்சி ஆடுகையில் ஓர் ஆள் குறைந்தது. 1932 ஒலிம்பிக்கில் பொன் வென்ற டிக்கி கார், அருகிருந்த இவ்விளைஞரை அழைத்து ஆடச் சொன்னார். இரண்டே ஆண்டில் அவ்விளைஞர் இந்திய அணியில் இருந்தார். 1948 ஆகஸ்டு 12 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில், இந்தியா பிரிட்டனை நான்கிற்குச் சுழி என வென்றது. நம்மை ஆண்டவர்களின் தலைநகரில், விடுதலை பெற்று ஓராண்டு நிறையுமுன் நம் கொடி ஏறிய நாள் அது.

அவர் ஆடியது இடைவரிசையில். ஆட்டக்காரர் மொழியில் ‘ஹாஃப்-பேக்’. எதிரியின் பந்தைத் தடுத்துப் பறித்து, முன்வரிசையில் உள்ளோர்க்கு அளிப்பதே அவ்விடத்துப் பணி. 1952-இல் ஹெல்சிங்கியில் நெதர்லாந்தை ஆறுக்கு ஒன்று என வென்றபோது, ஐந்து கோல்களைப் பல்பீர் சிங் அடித்தார். அப்பெரு வீரரின் புகழ் தகுதியானதே. ஆயினும் முன்வரிசைக்குப் பந்து தானே நடந்து வருவதில்லை அன்றோ? 1956-இல் மெல்போர்னில் இந்தியா ஒரு கோலும் வாங்காமலே பொன் வென்றது. கோல்காப்பாளருக்குப் பந்து செல்லுமுன் அதனை மறித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. பெரியவரின் தந்தையார் மைதானில் சுங்கத் துறை அணியின் ஆட்டங்களைக் காணத் தவறாதவராம். கோல் அடித்தவனை ஊரே பார்க்கும், பந்தைக் கொடுத்தவனை நீ பார் என்று மகனுக்குக் கற்பித்தாராம்.

அக்காலத்து வீரர்க்கு ஆட்டம் பிழைப்பு அன்று. கிளாடியஸ் துறைமுக ஆணையர் அலுவலக அணியிலும், பின்னர்ச் சுங்கத் துறை அணியிலும் ஆடினார். அயர்லாந்திலும் இத்தகைய மரபு உண்டு. அந்நாட்டின் தொன்மையான வளைகோல் ஆட்டமாகிய ஹர்லிங்கில், கார்க் மாவட்டத்திற்காக எட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்ற கிறிஸ்டி ரிங், எண்ணெய் நிறுவனம் ஒன்றில் லாரி ஓட்டி வாழ்ந்தவர். அரங்கு அதிர ஆடிவிட்டு மறுநாள் பணிக்குச் செல்லும் அந்த அமைதி, அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்றார்க்கு நன்கு விளங்கும்.

இனிச் சொல்லப்போவதே பெரியவர் நமக்குச் சொல்ல விரும்பியது. 1960-இல் ரோம் நகருக்குச் சென்ற அணிக்குக் கிளாடியஸ் தலைவர். 1928 தொட்டு ஆறு ஒலிம்பிக்கிலும் இந்தியாவே பொன் வென்றிருந்தது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் சுழிக்கு ஒன்று எனத் தோற்றது. முப்பத்திரண்டு ஆண்டுப் பெருமை, மூன்று பொன் வென்றிருந்த ஒருவர் தலைமையில் முறிந்தது. கிளாடியஸின் பதக்கங்கள் நான்கு. உதம் சிங்குக்கும் அவ்வாறே மூன்று பொன்னும் ஒரு வெள்ளியும்.

“மூன்று பொன்னை மட்டும் சொல்பவர்கள் அவரை அறியாதவர்கள்,” என்றார் பெரியவர். “அந்த வெள்ளிக்குப் பின்னும் அவர் இதே ஊரில் தலைநிமிர்ந்து நடந்தார், இளைஞர்க்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் ஒரு பட்டியலுக்காக முகம் வாடுகிறீர்கள்.”

நாம் விடையளிக்கவில்லை. வாழ்வு அவருக்கு அளித்த தோல்வி அது ஒன்று மட்டும் அன்று. 1978 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய அவர் மகன் ராபர்ட், பின்னர்ச் சாலை விபத்தில் மாண்டார். அத்துயரோடு ஒப்பிட நம் பட்டியல் எம்மாத்திரம்!

மற்றொன்றும் நம்மை நாணச் செய்தது. 2012 ஒலிம்பிக்கை ஒட்டி லண்டன் சுரங்க ரயில் வரைபடம் ஒன்றில் நிலையங்களுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயர்களைச் சூட்டினர். ஒரு நிலையத்திற்குக் கிளாடியஸ் பெயர் அமைந்தது. கடல் கடந்த நகரத்து வரைபடம் அறிந்த பெயரை, அவர் வாழ்ந்த நகரில் ஒன்பது ஆண்டுகள் இருந்த நாம் அறியவில்லை. ஒரு பேருந்துக் கட்டணத்தில் சென்று வணங்கியிருக்கலாம். அவ்வாய்ப்பு இனி வாராது.

பதவி உயர்வு மூன்றாண்டு கழித்து வந்தது. பெரியவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். வீடு தேடிச் சென்று இனிப்புக் கொடுத்தோம். சென்ற ஆண்டு நம் மகன், பள்ளிக் கால்பந்து அணியில் தன்னைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டதாகவும், கோல் அடிக்கவே முடியாதென்றும் வருந்தி வந்தான். ஞாயிறு மாலை அவனை மைதானுக்கு அழைத்துச் சென்று, புல்தரையில் அமர்ந்து இக்கதையை முழுதும் கூறினோம். மூன்று பொன்னையும் சொன்னோம், வெள்ளியை மறைக்கவில்லை. அவன் சற்றே சிந்தித்து, “அந்த வெள்ளியை அவர் வீட்டில் எங்கே வைத்திருப்பார், அப்பா?” என்று கேட்டான்.

பொன்னோடுதான் வைத்திருப்பார் என்றோம்.