கோத்தா கோலா மூடா: ஆற்றுக்கும் பூட்டு உண்டு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். குடும்பத்தோடு லங்காவிக்குப் போய்வர எல்லார் கையிலும் காசு இருக்கிறதா, என்ன? கவலை வேண்டாம். கெடாவின் தென்மேற்கு ஓரத்தில், அதிகச் செலவில்லாமல் ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் கோத்தா கோலா மூடா.

சுங்கைப்பட்டாணியிலிருந்து பழைய பெருஞ்சாலையில் தெற்கே திக்காம் பத்துவரை வாருங்கள். அங்கிருந்து மேற்கே திரும்பினால், கொஞ்ச தூரத்தில் காற்றில் உப்பு வாடை கலக்கத் தொடங்கும். ரப்பர் மரங்களையும் செம்பனை மரங்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தென்னையும் வயலும் மலாய்க் கம்பத்து வீடுகளும் மாறுதலாக இருக்கும். வானம் தெளிவாக இருந்தால், வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். அந்தக் காலத்தில் கடலோடிகளுக்குக் கரை காட்டிய மலை அது. நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன பூமி இதுதான். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டில் வந்ததும் இந்தக் கடற்கரைக்குத்தான்.

'கோலா' என்றால் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். 'கோத்தா' என்றால் கோட்டை. மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே ஆற்றின் வடகரை கெடா, தென்கரை பினாங்கு. ஒரே தண்ணீரை இரண்டு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காதோடு காதாக ஒரு சந்தை

இந்த ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றது 'பாசார் பீசேக்' என்னும் இரகசியச் சந்தை. படகுகள் கரை சேர்ந்ததும் மீனைக் கூடைகளில் கொட்டி வைப்பார்கள். ஏலம் நடக்கும்; ஆனால் கூச்சல் இருக்காது. வாங்க வந்தவர் ஏலம் விடுபவரின் காதருகே குனிந்து, தாம் கொடுக்கக்கூடிய விலையை மெல்லச் சொல்லுவார். அடுத்தவரும் அப்படியே சொல்லுவார். யார் என்ன விலை சொன்னார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. நல்ல விலை சொன்னவருக்கு மீன் போய்விடும்.

இந்தச் சந்தை நடக்க வேண்டுமானால் படகு நேரத்தோடு வந்து சேர வேண்டும். முகத்துவாரத்திலோ நினைத்த நேரத்தில் படகு நுழைய முடியாது. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வடியும். தண்ணீர் வடிந்துவிட்டால் மணல்திட்டில் படகின் அடி தட்டும். ஆகவே, நீர் ஏறும் நேரம்தான் மீனவருக்கு வாசல் திறக்கும் நேரம்.

ஆற்றங்கரையில் நின்று படகுகள் வருவதைப் பார்த்தால், "இங்கே ஒரு படகுப் பந்தயம் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று தோன்றும். தோன்றுவது இயல்புதான். ஆனால், பந்தயம் என்றால் படகையும் துடுப்பையும் தயார் செய்தால் போதுமா? அந்தத் தண்ணீரை அன்றாடம் பயன்படுத்தும் மற்றப் படகுகளை என்ன செய்வது? நம்மில் பலர் யோசிக்காத கேள்வி இது.

தண்ணீரில் பிரேக் இல்லை

சாலையில் சைக்கிள் பந்தயம் நடந்தால் போலீசார் லாரிகளை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் நமக்குப் புரிகிறது. ஆற்றில் அதைவிடக் கண்டிப்பு வேண்டும். ஏன் தெரியுமா?

முதலாவது, படகுக்குப் பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் படகு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பின்னால் நீரோட்டம் தள்ளினால் இன்னும் அதிக தூரம் ஓடும்.

இரண்டாவது, படகு நின்றாலும் அது கிளப்பிய அலை நிற்காது. அந்த அலை கரைவரை சென்று மோதித் திரும்பியும் வரும். டிராகன் படகைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். துடுப்புப் போடுவோர் 20 பேர், முரசு கொட்டுபவர் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர். அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் கொஞ்சம்தான் தெரியும். மீன்பிடிப் படகு ஒன்று பக்கத்தில் விரைந்து போனால், அதன் அலை உள்ளே புகுந்துவிடும்.

மூன்றாவது, பந்தயப் படகில் இருப்பவர்களுக்கு வழி சரியாகத் தெரியாது. முரசுக்காரர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். துடுப்புக்காரர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துத் துடுப்புப் போடுவார்கள். வழி பார்ப்பது சுக்கான்காரர் ஒருவர்தான். இருபத்திரண்டு உயிருக்கு ஒரு ஜோடிக் கண்!

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே, பினாங்கில், 2010-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் ஒரு துயரம் நடந்தது. பள்ளிக்கூடம் ஒன்றைச் சேர்ந்த 18 பேர் டிராகன் படகில் பயிற்சிக்குப் போனார்கள். பலத்த நீரோட்டத்தில் சிக்கிய படகு, இழுவைப் படகொன்றில் மோதிக் கவிழ்ந்தது. ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள், ஆசிரியரும் இருந்தார். ஒன்றைக் கவனித்தீர்களா? அது பந்தய நாளன்று; பயிற்சி நாள். பந்தயத்தன்று மட்டும் வழியை ஒதுக்கிக் கொடுத்தால் போதாது, பயிற்சிக்கும் பாதுகாப்பான நீர் வேண்டும் என்பதை அந்த ஆறு உயிர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போயின.

பினாங்கில் அனைத்துலக டிராகன் படகுப் போட்டி 1979-இல் தொடங்கியது. முன்பு கடலில் நடந்த அந்தப் போட்டி, 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் தெலுக் பஹாங் அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தில் நடந்திருக்கிறது. அங்கே கடல் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குறுக்கே போகும் படகும் இல்லை. ஆனால், எல்லா ஊரிலும் அணைக்கட்டு இருக்குமா? ஆற்றையும் காயலையும் நம்பி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

நம் தோட்டங்களில் பழகிய மலையாள அன்பர்களைக் கேட்டால் ஆலப்புழைப் பந்தயத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார்கள். 1952-இல் பண்டித நேரு பார்த்து மகிழ்ந்து வெள்ளிக் கோப்பை வழங்கிய பந்தயம் அது. புன்னமடைக் காயலில் நூறு அடிக்கு மேல் நீளமுள்ள பாம்புப் படகுகள் ஓடும். ஒவ்வொன்றிலும் சுமார் நூறு பேர் இருப்பார்கள். மற்ற நாட்களில் அந்தக் காயலில் சுற்றுலாப் படகுவீடுகள் நிறைந்திருக்கும். பந்தய நாளிலோ, பாதைக்குள் வேறு படகு நுழையக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டுவிடும். மீறி நுழைந்தால் படகு பறிமுதலாகும், உரிமமும் போய்விடும்.

இலண்டனில் தேம்ஸ் நதியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் படகுப் பந்தயம் நடத்துகின்றன. அன்று துறைமுக ஆணையம் மற்றப் படகுகளுக்கு ஆற்றை மூடிவிடும். அப்படி மூடியும், 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஒருவர் பந்தயப் படகுகளின் முன்னால் நீந்தி வந்துவிட்டார். கோடிக்கணக்கான கண்கள் பார்க்கும் பந்தயம் என்று யாரும் தயங்கவில்லை. அந்த ஒருவருக்காகப் பந்தயத்தை உடனே நிறுத்தினார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். வெற்றியைவிட உயிர் பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மூடினால் யாருக்கு நட்டம்?

இங்கேதான் நாம் மீனவர் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று மரம் ஈரம், வேலை இல்லை, சம்பளமும் இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த காலை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும் அல்லவா? ஆற்றை மூடும் நாள், மீனவருக்கு அப்படி ஒரு மழை நாள். ஒரே வித்தியாசம், அந்த மழையைப் பெய்ய வைப்பது வானம் அல்ல, மனிதர்கள்.

பந்தயம் நடத்துவோர் விரும்புவதும் நீர் ஏறி நிற்கும் நேரத்தைத்தான். மீனவர் கரை திரும்புவதும் அதே நேரத்தில்தான். அந்த நேரம் முழுவதும் ஆற்றை அடைத்துவிட்டால், படகு வெளியே காத்துக் கிடக்கும், மீன் கெடும், சந்தை படுக்கும். ஆகவே, நாள் முழுக்கப் பூட்டுவது நியாயமல்ல. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே வழியைத் திறந்துவிடலாம். ஆற்றின் ஓர் ஓரத்தை மிதவைக் கயிற்றால் பிரித்து, மெதுவாகப் போகும் படகுகளுக்கு விடலாம். கடல் ஏற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, மீனவர்களோடு உட்கார்ந்து பேசி நேரம் குறிக்கலாம்.

முன்பு சொன்ன இரண்டு மாநிலக் கதை இப்போது நினைவுக்கு வருகிறதா? வடகரையில் மட்டும் அறிவிப்பு ஒட்டினால், தென்கரையிலிருந்து புறப்படும் படகுக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி ஆற்றில் இரண்டு கரைகளும் சேர்ந்து பேசினால்தான் பூட்டு பூட்டாக இருக்கும். கடல் இலாகா படகோட்டிகளுக்கு அறிவிப்பு வெளியிடலாம். கடல் போலீஸ் காவல் நிற்கலாம். ஆனால் காகிதத்தில் இருக்கும் அறிவிப்பு, படகுத்துறைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வந்து சேர வேண்டும்.

உடைந்த படகுகள் பேசுகின்றன

கோத்தா கோலா மூடாவுக்கு வருகிறவர்கள் சுனாமி நினைவிடத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அலையில் உடைந்த படகுகளை அங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். அன்று மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால். அலை இந்தக் கரைக்கு வந்தது நண்பகல் கடந்த பிறகு. இடையில் சில மணி நேரம் இருந்தது! ஆனால், வருகிறது என்று சொல்ல இந்துமாக் கடலில் அன்று எந்த எச்சரிக்கை ஏற்பாடும் இல்லை. சுனாமியும் படகுப் பந்தயமும் ஒன்றல்ல. ஆயினும், தண்ணீரில் இருப்பவருக்குச் செய்தி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தப் படகுகளுக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளை நிறுத்தி, இதைச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. பள்ளியில் படகுக் குழுவில் சேர்கிறேன் என்று பிள்ளை வந்து நின்றால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். அதற்கு முன் ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மிதவை அங்கி உண்டா? பயிற்சி நடக்கும் நீரில் வேறு படகு போகிறதா? துணைக்கு ஒரு காவல் படகு கூட வருமா? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பெற்றவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு.

பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கிட்டத்தில் காட்டுகிறேன்" என்று யாராவது சம்பானில் ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டால் ஏறாதீர்கள். கரையிலிருந்து பாருங்கள். விசில் ஊதினால் ஒதுங்குங்கள்.

மாலையில் திரும்பும்போது சந்தையில் கொஞ்சம் மீன் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் விலையைக் காதோடு காதாகச் சொல்லலாம். அது அந்த ஊர் வழக்கம். ஆற்றை மூடும் செய்தியை மட்டும் இரண்டு கரைக்கும் கேட்கும்படி, முன்கூட்டியே, உரக்கச் சொல்ல வேண்டும்.