தறி நின்ற நேரம்

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா குமாரபாளையத்தில் நான்கு விசைத்தறி பார்க்கிறார். அம்மா தார் சுற்றுகிறார். கூலி மீட்டர் கணக்கு. தறி நின்றால் கூலியும் நின்றது!

இந்த வருஷம் மீட்டர் குறைந்துகொண்டே வந்தது. “தறிய நிறுத்திட்டு டீக்கடைல உக்காந்துக்கிறயா?” என்றார் முதலாளி. “பாவு சரியில்லீங்க, இழை அறுந்துட்டே இருக்குதுங்க” என்று அப்பா சொன்னது எடுபடவில்லை. சாட்சி வேண்டுமே! அதனால்தான் என் புராஜெக்ட்டுக்கு டிஜிட்டல் இன்புட் பதிவு என்ற தலைப்பை எடுத்தேன். “காலேஜ் பாடம்னா மாட்டிக்க” என்று ஒரு தறிக்கு முதலாளி சம்மதித்தார்.

டிஜிட்டல் இன்புட்டுக்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில். கிராங்க் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை. ஷாப்ட்டில் காந்தம், பக்கத்தில் ரீடு சுவிட்ச். நிமிஷத்துக்கு 120 ஊடை என்றால் அரை நொடிக்கு ஒரு துடிப்பு. 3 நொடி துடிப்பு இல்லையா, ‘நின்றது’ என்று நேரத்தோடு எழுது.

கேட்க சுலபம். லேபில் இருந்த யுஎஸ்பி 6008 கார்டில் 12 டிஜிட்டல் லைன் உண்டு. ஆனால் ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று கம்ப்யூட்டர்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது வேறு வேலையில் திரும்பிய நேரம் காந்தம் கடந்து போய்விடும். அர்டுயினோ ஊனோவில் 2, 3 ஆகிய பின்கள் இண்டரப்ட்டுக்கு உண்டு. துடிப்பு வந்ததும் அதுவே தட்டிக் கூப்பிடும். இன்னொரு தொல்லை, சுவிட்ச் மூடும்போது தொட்டுத் தொட்டு விலகி ஒன்றைப் பலவாகக் காட்டும். 50 மில்லி நொடிக்குள் வருவதைத் தள்ளிவிட்டேன். கரண்ட் போனதும் பதிவாக வேண்டுமே, அதற்குத் தனி இன்புட். கருவிக்கு பவர் பேங்க். (நாலு தறி இரைச்சலில் எந்தத் தறி நின்றது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார் அப்பா. அந்தக் காதுக்கு எந்தக் கார்டும் ஈடில்லை!)

எப்போது நின்றது என்று கருவி சொல்லும்; ஏன் என்று சொல்லாது. அதற்கு இரண்டு பட்டன் வைத்தேன். பச்சை, தார் மாற்ற. சிவப்பு, பாவு இழை அறுந்தால். எழுத்து தேவையில்லை.

ஆறு நாள் பதிவில் பச்சைதான் அதிகம், ஆனால் எல்லாம் அரை நிமிஷத்துக்குள். அறுந்த இழையைத் தேடி, விழுதில் கோத்து, அச்சுக்குள் இழுத்து முடி போட வேண்டிய சிவப்புதான் நேரத்தைத் தின்றிருந்தது. பட்டனை அழுத்தியது அப்பாதானே என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். வேறு பாவு ஏற்றியதும், அதே தறி, அதே ஆள், நின்ற நேரம் பாதிக்கும் கீழே வந்தது. அதை ரீடு சுவிட்சே எண்ணியது.

முதலாளி தாளைப் பார்த்தார். பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “எல்லாத் தறிக்கும் மாட்ட எவ்வளவு ஆகும்?” என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், “ஏங்கண்ணு, நான் தண்ணி குடிக்கப் போறதும் அதுல வருமா?”

“வருமுங்கப்பா.”

முதலாளிக்கு இன்னும் விலை சொல்லவில்லை.