கழுத்து சாயும் கிடார்

எங்கள் மூலக்கொத்தளத்தில் சாவு வீட்டு கானா விடிய விடிய நடக்கும். டோலக் அண்ணன் உட்கார்ந்திருப்பார். கிடார்காரன் நான் நிற்க வேண்டும். என்னுடையது எஸ்ஜி வடிவம். கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்க்கும்.

1961-ல் கிப்ஸன் கொண்டுவந்த வடிவம் அது. உடல் மெலிசு, வார் மாட்டும் குமிழ் கழுத்தடியில். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மேல்கொம்பு 12-வது ஃப்ரெட் பக்கம் நீளும், அதனால் சாயாது.

கழுத்தைத் தாங்குகிற இடது கை கார்ட்ஸ் எப்படிப் பிடிக்கும்? நடுராத்திரிக்குள் மணிக்கட்டு மரத்துவிடும். அழுகிற வீட்டில் பாட்டை நிறுத்தவா முடியும்?

வழுக்குகிற நைலான் வாரைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் வார் மாட்டினேன். சட்டையைக் கவ்விக்கொள்கிறது, சாய்வு பாதி குறைந்தது.

“பின்னாடி செங்கல் கட்டுப்பா” என்றார் டோலக் அண்ணன். கணக்கு சரிதான். தோள்தான் ஒத்துக்காது.