மிகுந்த பழமும் நீண்ட பனிக்காலமும்

ஒன்ராறியோ மாகாணத்தில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், நயாகரா பிரதேசத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கடை வாசல்களில் குவிந்திருக்கும் பீச் பழக் கூடைகளைக் கடந்து வெறுங்கையோடு வீடு திரும்புவது எவருக்கும் சுலபமன்று. ஒருபுறம் ஒன்ராறியோ ஏரியும் மறுபுறம் நெடிய பாறைச் சரிவும் அரணாக நிற்க, குளிர்காலத்தில் ஏரிநீர் தன்னகத்துள்ள வெப்பத்தை மெல்ல மெல்ல வெளியிட்டு மரங்களின் மொட்டுக்களைக் காப்பதனால், இந்த வடதேசத்தில் அபூர்வமான மிதமான சீதோஷ்ணம் அந்தக் குறுகிய நிலத்துக்கு வாய்த்திருக்கிறது. அங்கே விளைந்த பழம், வாங்கி வந்த கூடை முழுவதும் ஏறத்தாழ ஒரே நாளில் கனிந்து, அடிப்பழம் நசுங்கி, பூஞ்சணம் பிடித்து, கடைசியில் கழிவுத் தொட்டிக்குப் போய்ச் சேருவதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம்.

அதைப் பறித்த கைகள் யாருடையவை? 1966 முதல் ஜமைக்காவிலிருந்தும், 1974 முதல் மெக்சிகோவிலிருந்தும், பருவகாலத் தொழிலாளர்களை வரவழைக்கும் ஏற்பாடு கனடாவில் நடந்து வருகிறது. மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டு, வருஷத்தில் எட்டு மாதம் வரை இத்தோட்டங்களில் உழைத்துவிட்டு அவர்கள் திரும்பிப் போகிறார்கள். பிரிவின் வேதனை இன்னதென்று அறிந்த நம்முடைய வீடுகளில் அவர்களது பிரயாசையின் பலன் குப்பையாவது எனக்குச் சம்மதமில்லை. கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி தொன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பனம்பழம் மிகுந்து விழும் காலத்தில், அதன் களியைப் பிசைந்து எடுத்துப் பாயில் ஊற்றி, வெயிலில் காயக் காய மேலும் மேலும் ஊற்றிப் பனாட்டாக்கி, பழமில்லாத மாதங்களுக்கு வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் நாம். அங்கே வெயில் செய்த உபகாரத்தை இங்கே குளிர் செய்கிறது. உறையவைத்துக் காக்கும் இந்த வித்தையும் இந்த மண்ணுக்கு உரியதே: 1912இல் லாப்ரடோருக்குச் சென்ற அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள இனுவிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் கணத்தில் உறைந்து, பின்னொரு நாள் உருகும்போதும் ருசி கெடாதிருப்பதைக் கண்டார். விரைந்து உறைந்தால் பனிப்படிகம் சிறிதாக இருக்கும், மெதுவாக உறைந்தால் அது பெருத்துத் தசையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும் என்பதே அதன் சூட்சுமம்.

வீட்டு ஃபிரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஆயினும் பழத்தைக் குவியலாகத் திணிக்காமல் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வைத்தால் பெரும்பகுதி நன்மை கிட்டிவிடும். பீச் பழத்தைக் கொதிநீரில் அரை நிமிஷம் அமிழ்த்தி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால், விரல் பட்ட மாத்திரத்தில் தோல் வழுக்கிக் கழன்றுவிடும். உள்ளே கொட்டையைச் சுற்றிச் செந்நிறம் படர்ந்த மஞ்சள் சதை, காற்றுப் பட்டால் பழுப்பேறத் தொடங்குமாதலால், துண்டுகளின் மேல் எலுமிச்சஞ்சாற்றைத் தெளித்துவிட வேண்டும். துண்டுகள் கல்லுப்போல் இறுகியபின் காற்றை வெளியேற்றிப் பையில் அடைத்து, தேதி எழுதி, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் வைத்தால், ஏறக்குறைய ஒரு வருஷம் வரை நல்ல ருசியோடு இருக்கும். வசந்தகாலத்தில் நம்மவர் பெட்டி பெட்டியாக வாங்கும் மெக்சிகோ மாம்பழத்துக்கும் தட்டும் பையும் இவையே. கொதிநீர் மட்டும் வேண்டியதில்லை.

உருகிய துண்டு புதுப்பழத்துக்கு ஈடாகாது. அது குழைந்துதான் போகும். தயிரோடு அடித்துக் குடிப்பதற்கும், பாணுக்குப் பூசப் பாகு காய்ச்சுவதற்கும் அந்தக் குழைவு குறையுமன்று. வெளியே பனி கொட்டும் பெப்ரவரியில் கடையில் கிடைக்கும், வெகுதூரத்திலிருந்து காயாகவே பறிபட்டு வந்த பீச் பழத்தைவிட அது எவ்வளவோ மேலானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஒன்றை மாத்திரம் கவனித்துக்கொள்ளுங்கள். குளிர் பழத்தின் கேட்டை நிறுத்தி வைக்குமே தவிர, நீக்கிவிடாது. அழுகத் தொடங்கியது அழுகலாகவே காத்திருக்கும். ஆகையால் தின்று மிஞ்சியதை நாளைக்கென்று தள்ளிப்போடாமல், பழம் நன்றாகக் கனிந்து மணக்கும் அன்றைக்கே அறுத்து உறையவையுங்கள்.