காரணம்: இதர

தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஓர் ஆள் வேலையை விட்டுப் போனால் கணினி சும்மா விடாது, காரணம் கேட்கும். ஒரு டிராப்டவுன் வரும். ராஜினாமா, ஒப்பந்தக் காலம் முடிந்தது, தொடர் விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, மரணம், இதர. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. 2018, 2019இல் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்காக நான் அப்படியொரு திரையை எழுதினேன். என் பணிவாழ்வில் எழுதிய நிரல்களில் ஆகச் சாதாரணமானது அதுதான். ஆனாலும் தொழிலாளர் சட்டம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது சேரப்பணஞ்சேரியில் தங்கியிருந்தேன். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கும் ஊர். கார் கம்பெனிகளும் அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளும் வந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் காலியிடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஒரு ரூமுக்கு ஆறு பேர், சில நேரம் எட்டுப் பேர். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் படுக்கும்போது, பகல் ஷிப்ட்காரன் எழுந்துபோன பாயில் சூடு ஆறியிருக்காது. ரூமைப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டர். வாடகையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார். இந்தக் கடைசி விவரம் முக்கியம், பிறகு வருகிறேன்.

எனக்கு அடுத்த வரிசையில் இருந்த பையன் ஒருவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவான். திருவண்ணாமலைப் பக்கம். ஐடிஐ முடித்து காண்ட்ராக்டில் வந்தவன், அசெம்பிளி லைனில் வேலை. பேர் வேண்டாம். அவனுடைய போனை ரூமில் எவனோ எடுத்துப் பார்த்திருக்கிறான். அதில் இன்னொரு பையனுடன் பேசிய மெசேஜ்கள். 2019 மே மாதம் ஒரு சாயங்காலம் கைப்பையோடு என் வாசலில் வந்து நின்றான்.

"நாளையிலருந்து வர வேணாம்னுட்டாங்கண்ணே."

"காரணம் என்னன்னு சொன்னாங்களா?"

"மத்த பசங்களும் தங்கற எடம், வம்பு வேணாம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. ரூமையும் இன்னிக்கே காலி பண்ணணுமாம்."

அன்றிரவு என் ரூமில் படுத்தான். விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அந்த வாரம் தரவு சரிபார்க்கும்போது அவனுடைய பணியாளர் எண் என் கண்ணில் பட்டது. எதிரே "ஒப்பந்தக் காலம் முடிந்தது" என்று இருந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு மாதம் பாக்கி. அவன் வேலை பார்த்தது 200 நாள் சொச்சம். அன்றைக்கு நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தில், ஆட்குறைப்புக்கு முன் நோட்டீஸும் இழப்பீடும் கேட்க 240 நாள் கணக்கு வேண்டும். அந்தக் கதவும் இல்லை.

இதில் என்னை உறுத்துவது தேதி. 2018 செப்டம்பர் 6ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவுக்கு 377ஆவது பிரிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சென்னையில் என் நண்பர்கள் இனிப்பு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். அதாவது போலீஸ் இனிமேல் அவனைப் பிடிக்க முடியாது. சூப்பர்வைசர் அனுப்பலாம்.

நீதிமன்றம் தலையிட்டதே இல்லையா என்றால், உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் 2010 பிப்ரவரியில் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். பல்கலைக்கழகம் அவரைத்தான் பணியிடை நீக்கம் செய்தது, குடியிருப்பைக் காலி செய்யவும் சொன்னது. ஏப்ரல் 1ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7ஆம் தேதி அவர் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். அதே நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், தன் துணையோடு இருந்த வீடியோ வெளியானதற்காக உத்தரப் பிரதேசத்தில் நீக்கப்பட்ட ஓர் ஊர்க்காவல் படை வீரரை மறுபடி சேர்க்கச் சொன்னது. அவர் நீக்கப்பட்டது 2019 ஜூனில், எங்கள் ஊர்ப் பையன் போன அடுத்த மாதம்.

இரண்டு வழக்கிலும் வேலை கொடுத்தது அரசு, அல்லது அரசு மாதிரியான அமைப்பு. அரசியலமைப்பின் 14, 15, 16ஆம் பிரிவுகள் பெரும்பாலும் அரசைப் பார்த்துப் பேசுபவை. 15இன் இரண்டாவது உட்பிரிவு மட்டும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிறது: கடை, உணவகம், கிணறு, குளம், சாலை. டீக்கடையில் டீ குடிப்பதைத் தடுக்க முடியாது. அதே டீக்கடையில் டீ ஆற்றும் வேலை தரமாட்டேன் என்றால் அந்த உட்பிரிவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரகடத்தில் அரசாங்கமா கார் செய்கிறது?

சட்டத்தில் ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதை இதே தொழில் வட்டாரத்தில் பார்த்தோம். 2024 ஜூன் 25ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மறுநாளே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. எதை வைத்துக் கேட்டது? 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவை வைத்து. அந்தக் கடிதத்தால் எத்தனை பெண்களுக்கு வேலை கிடைத்தது என்பது வேறு பேச்சு. கடிதம் எழுத ஒரு பிரிவு இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். எங்கள் பையனுக்காக எந்த அதிகாரியாவது மனமிரங்கிக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தாலும் "பார்வை" என்ற இடத்தில் என்ன போட்டிருப்பார்?

பாலீர்ப்பு என்ற சொல்லே நம் சட்டங்களில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இருக்கிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநலச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது. இது 377 போவதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆக, வேலை போய், மனம் உடைந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தால் பாதுகாப்பு தயார். வேலை போகிற இடத்தில்தான் இல்லை.

திருநர்களுக்கு 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதன் மீது அவர்களுக்கே ஏகப்பட்ட விமர்சனம் உண்டு, நியாயமான விமர்சனம். ஆனால் அதன் 9ஆம் பிரிவு வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியார் நிறுவனமும் அதில் அடக்கம். 11ஆம் பிரிவு புகார் அதிகாரி ஒருவரை வைக்கச் சொல்கிறது. திருச்செந்தூர்க்காரரான ஷானவி பொன்னுசாமி, என்னைப் போலப் பொறியியல் படித்தவர், ஏர் இந்தியாவில் வேலை மறுக்கப்பட்டு, 2018இல் குடியரசுத் தலைவருக்குக் கருணைக்கொலை கேட்டுக் கடிதம் எழுதியபோது அந்த 9ஆம் பிரிவுகூட இல்லை.

நானும் தன்பாலீர்ப்பாளன்தான். இப்போது இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில். ஜூன் மாதம் லோகோ வானவில் நிறத்துக்கு மாறும். கொள்கை ஆவணத்தில் பாலீர்ப்பு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது, என் துணைக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. ஆனால் அது கம்பெனி தரும் போனஸ் மாதிரி. அடுத்த வருஷம் தலைமையகத்தில் ஆள் மாறினால் எடுத்துவிடலாம். கேட்டில் என் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையசைக்கும் செக்யூரிட்டி அண்ணன் அந்தக் கொள்கைக்குள் வருவதில்லை. அவர் வேறு ஏஜென்சி ஆள்.

இருக்கிற சட்டத்தையே விரித்துப் படிக்கலாமே என்பார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பால் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்று 2020 ஜூன் 15ஆம் தேதி, பாஸ்டாக் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று சொன்னது. இங்கும் வாதாடலாம், 377 தீர்ப்பு அதற்குக் கை கொடுக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பில் சேர்த்துக் கேட்கப்பட்ட மூன்று பேரில் டொனால்ட் ஸார்டா 2014லேயே இறந்துவிட்டார். 2013இல் வேலையிழந்த திருநங்கை எய்மி ஸ்டீபன்ஸ் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு இறந்தார். ஏழு வருஷம் வழக்கு நடத்து என்று காண்ட்ராக்ட் பையனிடம் யார் சொல்வது? தென்னாப்பிரிக்காவில் 1998இலேயே வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் அந்தச் சொல்லை நேராக எழுதிவிட்டார்கள். நம் மக்களவையிலும் 2017இல் சசி தரூர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனியார் வேலை, பாலீர்ப்பு இரண்டும் அதில் இருந்தன. அவை கலைந்தபோது அதுவும் போயிற்று. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமும் இயற்றலாம். தமிழ்நாடு 2022இல் காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்தது. போலீசுக்கு எழுத முடிந்ததை போல்ட் முடுக்கும் கம்பெனிக்கு எழுத முடியாதா?

போன மாதம் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து, அப்படியொரு சட்டம் இங்கே எப்படி இருக்க வேண்டும் என்று விளையாட்டாக எழுதிப் பார்த்தோம். பாலீர்ப்பு என்ற சொல்லைப் போடுவது ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகுதான் சிக்கல். புகார் கொடுப்பது என்றாலே ஊருக்குச் சொல்வது என்றாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் அப்பாவுக்குத் தெரியும் என்றால் அந்தப் பையன் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடமாட்டான். ஆகவே பெயரை மறைக்க வழி வேண்டும். "இவன் அப்படியாம்" என்று நினைத்து அனுப்பினாலே பாகுபாடு என்று வைத்துவிட்டால், அவன் யார் என்பதை அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் காரணத்தைக் கம்பெனிதான் காட்ட வேண்டும். வேலை கொடுப்பவர் என்றால் காண்ட்ராக்டரும்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு ரூமில் மாட்டிக்கொண்டோம். தங்குமிடத்தையும் வேலை நிபந்தனையாகச் சேர்த்து, குறைந்தது முப்பது நாள் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று நான் எழுதினேன். தோழி பேனாவை வாங்கி அடித்தாள். "முப்பது நாள் அந்த ரூம்ல, அதே ஆறு பேரோட அவன எப்படிடா படுக்கச் சொல்வ?" கடைசியில் வேறு தங்குமிடம், செலவு வேலை கொடுத்தவருடையது என்று மாற்றி எழுதினோம். எந்த ஊரில், எத்தனை நாளைக்குள் என்ற இடங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.